ஐந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிருமா?



இந்த அரங்குக்குள் நுழையும்போது வாசலில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இன்னைக்கு என்ன பேசப் போறே?" என்றார். "சின்ன வயசுல பட்டது பெரிய வயசுல எப்படி மனச்சோர்வா வருதுன்னு பேசப் போறேங்க" என்றேன். கொஞ்சம் யோசித்தார். "நான் படாத அடியா? எனக்கு ஒண்ணும் வரலியே! ராத்திரியில தூக்கம் மட்டுந்தான் வராது" என்றார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் அங்கே சிரித்தேன். ஆனால் "தூக்கம் மட்டுந்தான் வராது" என்றாரே, அதுதான் இன்றைய தலைப்பு. நான் ஒரு மணி நேரம் பேசப் போவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிள்ளையை இளசிலேயே வளைக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பழமொழியைச் சாட்சிக்குக் கூப்பிடுவோம். இன்று நான் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறேன். ஐந்தில் வளைத்துவிட்டோம், சரி. ஐம்பதில் அது நிமிருமா? இதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை விட்டு நான் விலகினால் நீங்கள் கையைத் தூக்கலாம்.

காஞ்சிபுரத்தில் யார் மேடை ஏறினாலும் தறியை உவமைக்கு எடுத்துக்கொள்வார்கள். வாழ்க்கை பாவு, அனுபவம் ஊடை, மனசு பட்டு என்பார்கள். நானும் அப்படிப் பேசிக் கைதட்டு வாங்கியவன்தான். இன்று அப்படிப் பேசப் போவதில்லை. இன்றைய பேச்சில் தறி உவமை இல்லை. தறி, சம்பவம் நடந்த இடம்.

நான் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டில் பிறந்தவன். இருபத்தைந்து வருஷமாக மனநல ஆலோசகனாக இருக்கிறேன். இந்த ஊர்க்காரர்களுக்குக் கோர்வை என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் இழையோடு இழை பிணைந்து, இழுத்தாலும் பிரியாமல் நிற்க வேண்டும். அதற்கு ஊடை இழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. ஒருவர் கையால் மூன்றையும் ஓட்டுவது கஷ்டம். அதனால் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை, பல காலமாக, ஒரு பிள்ளையின் கையாகவே இருந்தது.

அந்தப் பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கும்? தறிக் குழியின் ஓரத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்ணைக் கரையிலிருந்து எடுக்காமல். நாடா வரும், வாங்க வேண்டும், திருப்பி விட வேண்டும். வரும், வாங்க வேண்டும், விட வேண்டும். ஒரு இழை தவறினால் கரையில் தெரியும். கரையில் தெரிந்தால் கூலியில் பிடிப்பார்கள். பெரியவருக்குக் கூலி போகிறதே என்ற பயம். அந்தப் பயம் பிள்ளையின் தலையில் ஒரு தட்டாக இறங்கும். சில வீடுகளில் கையால், சில வீடுகளில் அந்த நாடாவாலேயே.

எங்கள் வீட்டிலும் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கோர்வைக்கு உட்கார்ந்திருக்கிறேன். என் அப்பா அடித்ததில்லை. ஆனால் பக்கத்துத் தறியில் முன்பணத்துக்கு விடப்பட்ட ஒரு பையன் இருந்தான். என் வயசுதான். சாயங்காலத்தில் அவன் அழுகிற சத்தம் சுவரைத் தாண்டி வரும். நான் என்ன செய்வேன் தெரியுமா? பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பேன். அந்தச் சத்தம் காதில் விழக் கூடாது என்பதற்காக. "பையன் நல்லா படிக்கிறான்" என்று தெருவே என்னைப் பாராட்டியது. இந்தத் தொழிலுக்கு நான் ஏன் வந்தேன் என்று யாராவது கேட்டால், என்னிடம் இருக்கிற பதில் இது ஒன்றுதான்.

முன்பணம் என்ற அந்தச் சொல்லை நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அப்பாவோ அம்மாவோ ஒரு தொகையை வாங்குகிறார்கள். கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு, சில நேரம் சாராயத்துக்கு. கடன் அடையும்வரை பிள்ளை தறியில். பிள்ளையின் கூலியோ கடனைத் தொடுவதே இல்லை. 1976-இலேயே கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற பன்னாட்டு அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு முழு அறிக்கை வெளியிட்டது. அதில் கர்நாடகம் இருந்தது, உத்தரப்பிரதேசம் இருந்தது, நம் காஞ்சிபுரமும் இருந்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் ஆசிரியர்களும் போராடி, அந்தப் பிள்ளைகளில் ஏராளமானவர்களைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்கள். அது நம் ஊர் பெருமைப்பட வேண்டிய விஷயம். மறுக்கவில்லை.

ஆனால் நான் கேட்பது வேறு. தறியிலிருந்து பிள்ளை எழுந்துவிட்டது. பிள்ளைக்குள்ளிருந்து தறி எழுந்துவிட்டதா?

2019-ஆம் ஆண்டு உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அத்தி வரதர் எழுந்தருளிய வருஷம். அனந்தசரஸ் குளத்துக்குள் நாற்பது ஆண்டு இருந்த பெருமாள் வெளியே வந்தார். ஜூலை முழுக்கச் சயனக் கோலம். ஆகஸ்டில் நின்ற கோலம். சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களில் கால் வைக்க இடமில்லை. எந்த வீட்டைப் பார்த்தாலும் விருந்தாளி. அந்த ஜூலை மாதத்தில் ஒரு அம்மா என்னிடம் வந்தார். நாற்பத்தொன்பது வயசு. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். யாராக இருக்கும் என்று தேட வேண்டாம்.

"சார், வீடு நிறைய ஜனம். எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. எனக்கு மட்டும் நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி இருக்கு" என்றார். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. உடம்பெல்லாம் அசதி. பேரப் பிள்ளையைத் தூக்கக்கூட மனசு வரவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று, நெஞ்சுக்குப் படம் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. இதற்கு முன்னாலும் இரண்டு தடவை இப்படிப் படுத்தாராம். முதல் தடவை, மூத்த மகளுக்கு ஒன்பது வயசானபோது.

நான் கேட்டேன், "அம்மா, உங்களுக்கு ஒன்பது வயசில் என்ன நடந்தது?"

அவர் பதில் சொல்லவில்லை. வலது கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. ஜரிகை அறுத்து அறுத்துக் காய்த்துப்போன தழும்பு. பிறகு சொன்னார். "எழுபத்தொம்போதுல வரதர் வந்தாரே சார், ஊரே பார்க்கப் போச்சு. எங்க அம்மா போச்சு, அக்கா போச்சு. நான் தறியில இருந்தேன். அக்கா கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தாங்க. ஒரு நாளைக்குக்கூட விடல. ஒரு நாள் எழுந்து ஓடினேன். தெருமுனையில பிடிச்சுக் கொண்டாந்து..." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு மேல் அவர் சொல்ல ஆறு மாதம் ஆயிற்று. அதை நான் எந்த மேடையிலும் சொல்ல மாட்டேன்.

அந்த நாற்பது வருஷத்தில் அவர் சிரித்திருக்கிறார், கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார், பிள்ளை பெற்று ஆளாக்கியிருக்கிறார். "எனக்கு ஒண்ணும் இல்லை" என்றுதான் ஊருக்கும் தனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊரில் வரதர் எழுந்தருளினார். இவருக்குள் அந்த ஒன்பது வயசுப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

அன்பர்களே, மனச்சோர்வு என்றால் என்ன? துக்கமா? இல்லை. துக்கத்துக்குக் காரணம் தெரியும், கரையும் தெரியும். அழுவோம், நாலு பேர் வருவார்கள், கருமாதி முடியும், மெல்ல மெல்லச் சோறு இறங்கும். மனச்சோர்வு அப்படி இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி, மனம் கனத்தே கிடக்கும், அல்லது எதிலும் பிடிப்பே இருக்காது. அதோடு தூக்கம் கெடும், பசி கெடும், அசதி வரும், எல்லாம் தன் குற்றமென்று தோன்றும், இருந்து என்ன பயன் என்று தோன்றும். நம் ஜனங்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள். "தலைவலி" என்பார்கள். "கை கால் குடைச்சல்" என்பார்கள். "ஒரே அசதி" என்பார்கள். மனசு பேச முடியாததை உடம்பு பேசும்.

தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015, 2016 ஆண்டுகளில் நடந்தது. பெங்களூருவின் நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்தியது. பன்னிரண்டு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு வந்திருக்கிறது என்று கண்டார்கள். இந்த அரங்கில் ஒரு வரிசைக்கு இருபது நாற்காலி. வரிசைக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கும் மேல் சிகிச்சையே போய்ச் சேரவில்லை. யாருக்கும் தெரியாமல் சமைக்கிறார்கள், நெய்கிறார்கள், பேருந்தில் நம் பக்கத்தில் நிற்கிறார்கள்.

சரி, இதற்கும் பிள்ளைப் பருவத்துக்கும் முடிச்சு இருக்கிறது என்று யார் சொன்னது? நான் சொல்லவில்லை. சொன்னவர் ஒரு அமெரிக்க மருத்துவர். அவர் அதைத் தேடிப் போகவும் இல்லை.

வின்சென்ட் ஃபெலிட்டி என்பது அவர் பெயர். சான் டியேகோ நகரில், 1980-களில், உடல் பருமனைக் குறைக்கும் சிகிச்சை ஒன்றை நடத்திவந்தார். ஒரு விஷயம் அவருக்குப் புரியவே இல்லை. எடை நன்றாகக் குறைந்துகொண்டிருப்பவர்கள்தான் பாதியில் ஓடிவிடுகிறார்கள். குறையாதவர் ஓடினால் நியாயம், குறைகிறவர் ஏன் ஓட வேண்டும்? கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். ஒருவர் பின் ஒருவராகச் சின்ன வயசில் தங்களுக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னார்கள். பலருக்கு அது பாலியல் கொடுமை. அந்தப் பருமன் அவர்களுக்கு நோயாகத் தெரியவில்லை, கவசமாகத் தெரிந்தது. கவசத்தைக் கழற்றச் சொன்னால் யார்தான் ஓட மாட்டார்கள்?

பிறகு ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவரோடு சேர்ந்து, 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். பதினெட்டு வயசுக்குள் அடித்தார்களா? அவமானப்படுத்தினார்களா? வீட்டில் குடி இருந்ததா? அம்மா அடிவாங்கியதைப் பார்த்தீர்களா? யாராவது சிறைக்குப் போனார்களா? 1998 முதல் முடிவுகள் வெளிவந்தன. மூன்றில் இரண்டு பேருக்கு இவற்றில் ஒன்றாவது நேர்ந்திருந்தது. நான்கோ அதற்கு மேலோ நேர்ந்தவர்களுக்கு, ஒன்றுமே நேராதவர்களைவிட மனச்சோர்வு நாலரை மடங்கு அதிகம். எண்ணிக்கை ஏற ஏற, பாரமும் படிப்படியாக ஏறியது.

அந்தக் கேள்விப் பட்டியலை நான் முதல்முதலாகப் படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். அதில் தறி இல்லை. தீப்பெட்டி ஒட்டுவது இல்லை. முன்பணம் இல்லை. சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இல்லை. ஏன் இல்லை? அது சான் டியேகோவில் எழுதிய பட்டியல். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் மருத்துவக் காப்பீடு வைத்திருந்த நடுத்தர வர்க்கத்தார். அவர்களிலேயே மூன்றில் இரண்டு என்றால், நம் தெருவில் எத்தனை? நம் ஊரின் பட்டியலை நாம்தான் எழுத வேண்டும். வேறு யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

சின்ன வயசில் பட்டது எப்படி உடம்புக்குள் போய் உட்காருகிறது? இந்த அரங்குக்குள் இப்போது ஒரு பாம்பு வந்தால் என்ன ஆகும்? நெஞ்சு அடிக்கும், கை வியர்க்கும், கால் தானாக எழும். கார்டிசால் என்ற ஒரு சுரப்பு ரத்தத்தில் ஏறும். பாம்பு போனதும் எல்லாம் இறங்கிவிடும். கடவுள் கொடுத்த காவல் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாம்பு தினமும் வந்தால்? பாம்பு அதே வீட்டில் குடியிருந்தால்? சோறு போடுகிற கையே பாம்பாக இருந்தால்? அந்தக் காவல் மணி நிற்கவே நிற்காது. அது அடித்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளையின் மூளை வளர்கிறது. வளர்ந்து பெரியவரான பிறகும் சின்னச் சத்தத்துக்கு மணி அடிக்கும். ஒரு நாள் அலுத்துப்போய் மொத்தமாகத் தளர்ந்து விழும்.

கனடாவின் மான்ட்ரியலில், மக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். குட்டியை நன்றாக நக்கிக் கொடுக்கும் தாய் எலிகள் உண்டு, அவ்வளவாக நக்காத தாய்களும் உண்டு. நன்றாக நக்கி வளர்த்த குட்டிகள் பெரிதான பிறகு பயத்தை எளிதாகத் தாண்டின. நக்காத தாயின் குட்டியை நக்கும் தாயிடம் விட்டால் அதுவும் அப்படியே ஆயிற்று. அந்த அரவணைப்பு, மரபணுவை மாற்றவில்லை. அது வேலை செய்கிற விதத்தை மாற்றியது. 2004-இல் வந்த அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயர் என்ன தெரியுமா? இயன் வீவர்! வீவர் என்றால் நெசவாளர். நம் ஆள்தான் கண்டுபிடித்திருக்கிறார் என்று தாராளமாகக் கைதட்டலாம்.

எலிக்குக் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, காலில் போட்டு உருவிவிட்ட நம் பாட்டிமார்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

தறி தறி என்று சொல்வதால், தறி இல்லாத வீட்டுக்காரர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கும் வருகிறேன். குடித்துவிட்டு வரும் அப்பாவின் செருப்புச் சத்தத்தைக் கேட்டதும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளை இருக்கிறதே, அதற்கு எந்தத் தறி? மதிப்பெண் குறைந்ததற்காகச் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நின்ற பிள்ளைக்கு எந்தத் தறி? தொடக் கூடாத இடத்தில் தொட்ட உறவினரைப் பற்றிச் சொன்னபோது "வெளியே சொல்லாதே" என்று வாய் பொத்தப்பட்ட பிள்ளைக்கு எந்தத் தறி? 2012-இல் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிட்டது. வாயைப் பொத்தும் கையை எடுக்கச் சட்டம் போதாது, நாம் வேண்டும்.

"அடியாத மாடு படியாது" என்பார் சிலர். ஐயா, படியாதது மாடு. உங்கள் வீட்டில் வளர்வது பிள்ளை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடத்தில் அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்தது. "எங்க வாத்தியார் தோலை உரிச்சாரு, அதனாலதான் ஆளானேன்" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடித்ததால் நீங்கள் ஆளாகவில்லை. அடித்தும் ஆளானீர்கள். அந்தப் பெருமை உங்களுடையது, பிரம்புக்குக் கொடுக்காதீர்கள்.

இங்கே வாசலில் பார்த்த பெரியவர் கேள்வி வருகிறது. எல்லோரும்தான் அடிபட்டோம், எல்லோருமா படுத்துவிட்டோம்? நியாயமான கேள்வி. பதிலும் நல்ல பதில். இல்லை, எல்லோரும் படுக்கவில்லை. பட்டவர்களுக்கு ஆபத்து அதிகம், அவ்வளவுதான். அது தலையெழுத்து இல்லை.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. கரும்புத் தோட்டத் தீவு. 1955-இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் தோழர்களும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குப் பல கஷ்டங்கள் சேர்ந்து இருந்தன. வறுமை, சண்டை, குடி, பெற்றோரின் மனநோய். அந்தப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்ல மனிதராக, நம்பிக்கையான மனிதராக வளர்ந்து நின்றார். எப்படி? பல காரணம் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வந்த காரணம் ஒன்று. அந்தப் பிள்ளைக்கு யாரோ ஒரு பெரியவர் இருந்தார். பெற்றோராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பாட்டி, ஒரு டீச்சர், ஒரு பக்கத்து வீட்டு அக்கா. ஒரே ஒருவர், மாறாமல் இருந்தார்.

அந்த அம்மாவிடம் இதை நான் கேட்டேன். "அந்தத் தறி வீட்டில் உங்களுக்கு யாராவது இருந்தாங்களா?" முகம் மாறியது. "தார் சுத்துற ஆயா ஒண்ணு இருந்துச்சு சார். மடியில வெல்லக்கட்டி முடிஞ்சு வெச்சிருக்கும். மத்தியானத்துல தறிக்காரர் சாப்பிடப் போனதும் என்னைக் கூப்பிட்டு மடியில படுக்க வெச்சுக்கும். பத்து நிமிஷம். அவர் வர்ற சத்தம் கேட்டா எழுப்பிவிடும்."

பத்து நிமிஷம். ஒரு வெல்லக்கட்டி. அந்த ஆயாவுக்கு உளவியல் தெரியாது, சட்டம் தெரியாது, பிள்ளையை மீட்கும் பலமும் கிடையாது. ஆனால் நாற்பது வருஷம் கழித்து அந்த அம்மாவை நான் மீட்க முயன்றபோது, பிடித்துக்கொள்ள இருந்த ஒரே கயிறு அந்த ஆயாவின் மடிதான். இந்த ஊரில் பிறந்த அறிஞர் அண்ணாவை வளர்த்தது, அவர் தொத்தா என்று அழைத்த ராசாமணி அம்மாள். ஒரு பிள்ளைக்கு ஒரு தொத்தா போதும். அது அண்ணா ஆகிறதோ இல்லையோ, நிமிர்ந்து நிற்கும்.

ஒரு பெரியவர் என்றால் ஒரு ஆள்தான் என்று நினைக்காதீர்கள். ஒரு ஊரும் அப்படி இருக்கலாம், ஒரு அரசும் அப்படி இருக்கலாம். காமராசர் காலத்து மதிய உணவு, எம்.ஜி.ஆர் 1982-இல் கொண்டுவந்த சத்துணவு, 2022-இல் அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய காலை உணவு, இவையெல்லாம் சோறு மட்டுமா? நாளைக்கும் இந்தத் தட்டு இங்கே இருக்கும் என்று ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும் வாக்கு. பயந்த பிள்ளைக்கு வேண்டியது முதலில் அந்த நாளைக்கும் என்ற சொல்தான்.

இனி, ஐம்பது வயசுக்காரர்களுக்கு வருகிறேன். நிமிருமா என்று கேட்டோமே, பதில் என்ன? நிமிரும். ஆனால் "மறந்துடு" என்று சொல்லி நிமிர்த்த முடியாது. மாத்திரை வேண்டியவருக்கு மாத்திரை வேண்டும், மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. சிறுவயதில் கொடுமைப்பட்டவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அது திரும்பத் திரும்ப வருவதும், விடாமல் நீடிப்பதும் இரு மடங்கு அதிகம் என்று 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டிருக்கிறார்கள். அதனால் மாத்திரையோடு பேச்சும் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் பயின்ற ஒருவர் வேண்டும்.

அதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா? கோவாவில் விக்ரம் படேலும் அவர் குழுவினரும் ஒன்று செய்து காட்டினார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மனச்சோர்வு கடுமையாக இருந்தவர்களோடு அவர்கள் ஆறு முதல் எட்டுத் தடவை உட்கார்ந்து பேசினார்கள். முடங்கிக் கிடந்தவரைச் சின்னச் சின்ன வேலையாக எழுப்பினார்கள். இன்று கோலம் போடு, நாளைக்குக் கடைவரை நட. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் தேறினார்கள். 2016 கடைசியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த செய்தி இது. கோவாவில் முடிந்தது காஞ்சிபுரத்தில் முடியாதா?

முடியும். இன்றிரவே தொடங்கலாம். 14416 என்ற எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டெலி மானஸ். 2022 அக்டோபர் முதல் நடக்கும் அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம். பிள்ளைகளுக்கு 1098. இரண்டு எண்ணையும் பள்ளிக்கூடச் சுவரில் எழுதுங்கள், கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுங்கள், தறி இருக்கும் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

நெசவாளச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. 2016-இல் திருத்திய சட்டம், பதினாலு வயசுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. ஆபத்தானது என்று பட்டியலிடாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, உதவலாம் என்றும் விட்டுவைத்திருக்கிறது. அந்த உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது? சட்டத்தைப் பார்க்க வேண்டாம், பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எழுந்து போகலாமா என்று கேட்கப் பிள்ளை பயப்படுகிறதா? பயந்தால் அது வேலை.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. திடீரென்று மக்காகிவிட்ட பிள்ளை, காரணமில்லாமல் முறைக்கிற பிள்ளை, எப்போதும் தூங்கி வழிகிற பிள்ளை. இவர்களைப் பார்த்து நமக்கு வாயில் வருவது என்ன? "உனக்கு என்ன கேடு?" வீட்டில் படுத்தே கிடக்கும் மருமகளைப் பார்த்து என்ன கேட்கிறோம்? "உனக்கு என்ன கேடு?" குடித்தே அழியும் அண்ணனைப் பார்த்து? அதே கேள்விதான்.

நான் அந்தக் கேள்வியை விடச் சொல்லவில்லை. அதையே கேளுங்கள். ஆனால் திட்டாகக் கேட்காமல், கேள்வியாகவே கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, குரலை இறக்கி, "உனக்கு என்னம்மா கேடு நேர்ந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் உடனே வராது. ஆறு மாதம்கூட ஆகலாம்.

அந்த அம்மா 2019 ஆகஸ்டில், வரதரைப் பார்க்கப் போனார். நின்ற கோலத்தில் பார்த்தார். குணமாகிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் ஆடி மாதம் வந்தால் அவருக்கு ராத்திரி நீளும். ஆனால் இப்போது அது என்ன என்று அவருக்குத் தெரியும், யாரைக் கூப்பிட வேண்டும் என்றும் தெரியும். போன தடவை வந்தபோது கேட்டார், "அடுத்து வரதர் எப்போ சார்?" 2059 என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நான் இருக்க மாட்டேன். பேத்தி இருப்பா" என்றார்.

இன்று நம் தெருவில் ஒன்பது வயசில் ஒரு பிள்ளை இருக்கிறது. 2059-இல் அதற்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். ஊர் மறுபடி நிரம்பும், வீடு நிறைய விருந்தாளி வரும். அந்த நாளில் அது கூட்டத்தோடு சேர்ந்து போய்ப் பெருமாளைப் பார்க்குமா, இருட்டு அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்குமா? அதற்கான பதிலில் ஒரு பங்கு இன்றைக்குச் சாயங்காலம் நம் வீட்டில் இருக்கிறது. பிள்ளைகள் காத்திருப்பார்கள், போய் வாருங்கள். போகும்போது வாசலில் அந்தப் பெரியவர் இருந்தால், அவருக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று ஒருவர் நின்று கேட்டுவிட்டுப் போங்கள்.